கடைமடைக்கு ஒரு வரி

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இல் தொடங்கியது. அங்கிருந்து வயலுக்குப் போன ரகங்களை ஏடிடி 36, ஏடிடி 43 என்று எண்ணைச் சொல்லித்தான் டெப்போவில் கேட்டு வாங்குகிறோம். ஏடிடி 27க்கு மட்டும் ஜனங்களே ஒரு பேர் வைத்தார்கள்: ரேடியோ நெல்.

ஜப்பானிய நோரின் 10 ரகத்தையும் நம் ஜி.இ.பி. 24ஐயும் இனக்கலப்பு செய்து உருவாக்கிய குறுகிய வயது நெல் அது. 1960களின் நடுவில் வெளிவந்தது. குறுவைக்குத் தோதான வயது. விதை கைக்கு வருமுன்பே அதைப் பற்றிய பேச்சு திருச்சி வானொலி வழியாகக் காதுக்கு வந்துவிட்டது. பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன்னால் துண்டை விரித்து உட்கார்ந்தவர்களும், லைசென்ஸ் புத்தகத்தைப் பத்திரமாகப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த டிரான்சிஸ்டர்காரர்களும் கேட்டார்கள். கேட்டதை மறுநாள் டீக்கடையில் விவாதித்தார்கள். பிறகு விதைத்தார்கள்.

அந்தப் பேச்சு வந்த பாதை எவ்வளவு ஒடுக்கமானது என்பதை இன்றைய கணக்கில் பார்ப்போம். மத்திய அலையில் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் உள்ள இடைவெளியே 9 கிலோஹெர்ட்ஸ்தான். அதில் படம் போகாது. கேட்பவர் குறுக்கே பேச முடியாது. ஒரு குரல் மட்டும் போகும்; இடி மின்னல் வந்தால் அதுவும் கரகரக்கும். இப்போது ஒரு சாதாரண இணையப் பக்கத்தைத் திறக்கவே 2 மெகாபைட்டுக்கு மேல் ஆகிறது. கைபேசியில் அப்படிப் பல பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தும், அடுத்த வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று தெரியாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மதகுவரை போய்ப் பார்த்து வருகிறவர்கள் காவிரி டெல்டாவில் இன்றும் உண்டு.

வெறும் குரலால் மட்டும் ரேடியோ நெல் பரவவில்லை. 1960இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. ஃபோர்டு அறக்கட்டளை பின்னால் நின்றது. கூட்டுறவுச் சங்கத்தில் கடனும் உரமும் கிடைத்தன. ஊர் ஊராகப் போய் யோசனை சொல்லும் கிராம சேவக் இருந்தார். 1966இல் அகில இந்திய வானொலி சில நிலையங்களில் பண்ணைப் பிரிவுகளைத் தொடங்கியபோது திருச்சியும் அதில் இடம்பெற்றது. வானொலி சொன்னது புரியாவிட்டால் கேட்பதற்கு ஆள் இருந்தார். அவருக்கும் தெரியாவிட்டால் நிலையத்துக்கு ஒரு தபால் கார்டு போகும்; பதில் வானொலியிலேயே வரும். ஒருவழிப் பாதையைத் தபால்காரரும் கிராம சேவக்கும் இருவழிப் பாதையாக்கினார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு முன்னோடிகள் உண்டு. கனடாவில் 1941இல் பண்ணை வானொலி மன்றங்கள் தொடங்கின. அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் ஒரு வீட்டில் கூடி நிகழ்ச்சியைக் கேட்பார்கள், பேசுவார்கள், பேசியதை எழுதி நிலையத்துக்கு அனுப்புவார்கள். யுனெஸ்கோவின் துணையோடு 1956இல் புனே வட்டாரத்தில் 150 கிராமங்களில் அதையே சோதித்துப் பார்த்தார்கள். கூடிக் கேட்டுப் பேசிய ஊர்களில் விஷயம் ஆழமாகப் பதிந்தது. ரேடியோ மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர்களில் அவ்வளவாக இல்லை. என்னைக் கேட்டால், ஒடுக்கமான பாதையில் ஒரு சமூகத்தைக் கட்டுவது எப்படி என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தச் சோதனையிலேயே வந்துவிட்டது. கருவியில் மிச்சம் பிடித்த காசைக் கடைசி முனையில் இருக்கும் ஆளுக்குச் செலவழிக்க வேண்டும்.

மறுபாதி விடை கசப்பானது. பஞ்சாயத்து ரேடியோ எந்தத் தெருவில் இருந்தது? அதன் முன்னால் யார் உட்காரலாம், யார் தள்ளி நின்று கேட்க வேண்டும்? ரேடியோ நெல் விளைந்த அதே ஆண்டுகளில்தான் கூலி உயர்வு கேட்ட போராட்டங்களும் இந்த மாவட்டத்தில் முற்றின. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பசுமைப் புரட்சியின் ஆதாயத்தையும் அதன் அரசியல் விலையையும் ஆராய்ந்த ஃபிரான்சின் ஃபிராங்கெல், 1971இல் வெளியான தன் நூலுக்கு எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. நிலம் உள்ளவருக்கு வானொலி விதையின் பெயரைச் சொன்னது. அந்த நிலத்தில் இறங்கி நட்டவருக்குக் கூலியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவரிடமிருந்து நிலையத்துக்குத் தபால் கார்டும் போயிருக்காது.

வில்லியனூரிலிருந்து ஒரு வாக்கியம்

முப்பது ஆண்டு தாண்டி வருவோம். எம்.எஸ். சுவாமிநாதன் கும்பகோணத்துக்காரர். அவருடைய ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரி வட்டாரத்தில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. பணம் கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்தது. தகவல் அறிஞர் சுப்பையா அருணாசலமும் திட்டத்தை நடத்திய வி. பாலாஜியும் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். வில்லியனூரில் ஒரு நடுமையம். சுற்றிலும் கீழூர், ஏம்பலம், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம் என்று கிராம மையங்கள். அன்றைய கிராமங்களில் தொலைபேசிக் கம்பி அரிது. இருந்த இடத்திலும் அதில் தரவு ஒழுங்காகப் போகாது. அதனால் போலீஸ்காரர்கள் வைத்திருப்பது போன்ற விஎச்எஃப் வாக்கி-டாக்கிக் கருவிகளை மோடத்தோடு இணைத்துக் கணினிகளைப் பேசவைத்தார்கள். மின்சாரத்தை நம்ப முடியாது என்பதால் கூரையில் சூரியத் தகடுகள் ஏறின.

இணையம் நேரடியாகக் கிராமத்துக்குப் போகவில்லை. வில்லியனூரில் இருந்தவர்கள் அதைப் படித்து, வேண்டியதை எடுத்து, தமிழில் எழுதி அனுப்பினார்கள். நெல் விலை, உர இருப்பு, அரசுத் திட்டங்களின் பட்டியல், எந்த ஆஸ்பத்திரியில் எந்த மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார், பஸ் நேரம். கிராமத் தொண்டர்கள் தங்கள் ஊர்ச் சேதியைத் திருப்பி அனுப்பினார்கள். 'நம்ம ஊரு செய்தி' என்ற சிறு பத்திரிகையும் இதோடு சேர்ந்து வந்தது.

வீராம்பட்டினம் மீனவர் கிராமம். அங்கே நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் அலை உயர முன்கணிப்பை வண்ண வரைபடமாகப் போடும். அந்தப் படத்தை ரேடியோ மோடத்தில் அனுப்பினால் எப்போது போய்ச் சேரும் என்று தெரியாது. சேர்ந்தாலும் கரையில் வலை பிரிக்கிறவர் அதைக் கணினித் திரையில் பார்க்க வரப்போவதில்லை. வில்லியனூரில் படத்தைப் பார்த்தவர் வங்கக் கடலில் புதுச்சேரிக்கு எதிரே உள்ள நிறத்தைப் படித்து, நாளைக்கு அலை எவ்வளவு உயரம் என்று ஒரு வாக்கியம் எழுதினார். அந்த வாக்கியம் வீராம்பட்டினத்துக்குப் போனது. அங்கே ஒரு பெண் அதை ஒலிபெருக்கியில் வாசித்தார். கடற்கரை முழுக்கக் கேட்டது. உலகின் மிகப் பெரிய கடற்படை ஒன்றின் கணிப்பு, ஐம்பது அறுபது எழுத்தாகச் சுருங்கி, கட்டுமரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

மையம் வேண்டும் என்று கேட்ட ஊருக்கு நிறுவனம் நிபந்தனைகள் வைத்தது. இடத்தை ஊர் இலவசமாகத் தர வேண்டும். தொண்டர்களை ஊரே தர வேண்டும். அவர்களில் பெண்கள் இருக்க வேண்டும். எந்தச் சாதிக்காரரும் உள்ளே வரத் தடை கூடாது. ஏம்பலத்தில் மையம் கோயிலை ஒட்டிய அறையில் அமைந்தது. அங்கே இரண்டு வாசல்கள் இருந்ததை நியூயார்க் டைம்ஸ் 2000இல் எழுதியது: சந்நிதிக்குப் போகும் வாசலில் தலித்துகளுக்கும் மாதவிலக்கான பெண்களுக்கும் தடை, கணினி அறை வாசலில் எல்லோரும் நுழையலாம். ஒரே சுவரில் இரண்டு சட்டம். பஞ்சாயத்து ரேடியோ கேட்காமல் விட்ட கேள்வியை இந்தத் திட்டம் கேட்டது. அதற்காகவே இதை மதிக்கிறேன். விருதுகள் பிறகு வந்தவை.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலை, தகவல் மையம் இருந்த நல்லவாடு மீனவர் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே வேலைக்குப் போயிருந்த அந்த ஊர் இளைஞர் பேசினார். முன்பு அவரும் இந்தத் திட்டத்தில் தொண்டராக இருந்தவர். பூட்டியிருந்த மையத்தை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏறத்தாழ 500 குடும்பங்கள் மேட்டுக்கு ஓடின. வீடுகளும் படகுகளும் போயின, உயிர் போகவில்லை. அன்று அந்த ஒலிபெருக்கி பேசியதும் சனங்கள் ஏன் ஓடினார்கள்? பல மாதங்களாக அலை உயரத்தைச் சொல்லி, சொன்னது பலித்து, நம்பிக்கை சம்பாதித்திருந்த குரல் அது. எச்சரிக்கை மணியை ஆபத்து நாளில் மட்டும் அடித்தால் அது என்ன மணி என்று விசாரிக்கவே பத்து நிமிடம் போய்விடும்.

இதே காலத்தில் சென்னை ஐஐடியின் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருந்தது. நொடிக்கு 35 கிலோபிட். தொலைபேசியை வைத்துவிட்டால் 70. மதுரை மேலூர்ப் பக்கத்துக் கிராமக் கடைகளில் கண்நோயாளியின் படத்தை வெப்கேமராவில் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அந்தக் கதை தனியாக எழுத வேண்டியது.

ஐந்து ஆறும் ஒரு செயற்கைக்கோளும்

திருவையாறு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தியாகராஜ ஆராதனை. உள்ளூர்க்காரர்களுக்குக் காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு. 2004 அக்டோபர் 18 அன்று பிரதமர் மன்மோகன் சிங் டெல்லியிலிருந்தபடியே கிராம வள மையங்களைத் தொடங்கிவைத்தார். இஸ்ரோவும் சுவாமிநாதன் நிறுவனமும் சேர்ந்து தமிழ்நாட்டில் அமைத்த மையங்கள் திருவையாறு, திண்டுக்கல் செம்பட்டி, ராமநாதபுரம் தங்கச்சிமடம் ஆகிய இடங்களில் இருந்தன. செயற்கைக்கோள் தட்டு, திரை, அந்தப் பக்கம் சென்னையில் நிபுணர். விவசாயி இலையைத் தூக்கிக் காட்டுவார். நிபுணர் பார்த்துச் சொல்வார். பின்னாளில் இஸ்ரோ நாடு முழுக்க நானூறுக்கும் மேற்பட்ட மையங்கள் அமைத்தது.

இங்கே பாதை அகலமாகிவிட்டது. ஆனால் நிபுணரின் நேரம் அகலமாகவில்லை. இலைச்சுருட்டுப் புழு விழும் வாரத்தில் ஊர் முழுக்க ஒரே கேள்விதான் இருக்கும். அந்த வாரத்தில் திரையில் ஆள் இருந்தாரா என்பதுதான் கணக்கு. திருவையாற்று மையத்தைச் சுற்றிக் கிராம அறிவு மையங்கள் இயங்கின. அவற்றின் உயிர் செயற்கைக்கோள் தட்டில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. திரை அணைந்த பிறகு அந்த விடையை எழுதிவைத்து, வர முடியாதவருக்குப் போய்ச் சொன்ன தொண்டரிடம் இருந்தது.

2007க்குள் ஒவ்வொரு கிராமமும் அறிவு மையம் ஆக வேண்டும் என்று ஒரு தேசிய இயக்கம் புறப்பட்டது. 2006இல் மத்திய அரசு ஒரு லட்சம் பொதுச் சேவை மையங்களுக்கு ஒப்புதல் தந்தது. அறிவு மையம் மெல்லச் சேவை மையமாயிற்று. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பட்டா, கரண்ட் பில். வேண்டியவைதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இ-சேவை மையத்தில் போய், பக்கத்து ஊரில் புகையான் விழுந்ததா என்று விசாரிக்க முடியாது. அங்கே நாம் மனுதாரர்.

ஆயிரத்து இருபத்து நான்கு பேர்

அப்புறம் கைபேசி வந்தது, பின்னாலேயே வாட்ஸ்அப். டெல்டாவில் விவசாயிகள் குழு இல்லாத ஒன்றியம் இராது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சாக்கு இருக்கிறதா, ஈரப்பதம் எவ்வளவு வரை எடுக்கிறார்கள், கதிர் அறுக்கும் இயந்திரம் மணிக்கு என்ன வாடகை என்பதெல்லாம் அதில் வரும். குலை நோய் விழுந்த பயிரைப் படம் எடுத்துப் போட்டால் பத்து நிமிடத்தில் நாலு பேர் மருந்து சொல்வார்கள். ஆளுக்கொரு மருந்து.

ஒரு குழுவில் 1,024 பேர்வரை இருக்கலாம். அதில் காலை வணக்கப் படமும், அரசியலும், எங்கிருந்து வந்தது என்று தெரியாத வெள்ளக் காணொளியும், மேட்டூர் நீர்மட்டமும் ஒரே வரிசையில் ஓடுகின்றன. 2015 சென்னை வெள்ளத்தின் படம் ஒவ்வொரு மழைக்கும் புதிதாக வருகிறது. வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியில் பொய் சொன்னால் வாசித்தவரை ஊர் மறுநாள் நிறுத்திக் கேட்டிருக்கும். ஃபார்வர்ட் செய்தவரை யாரும் கேட்பதில்லை. எனக்கு வந்தது, அனுப்பினேன் என்பார். செயலியின் விதியை மாற்ற நம்மால் முடியாது. வாய்க்கால் நம் ஊரில் ஓடினாலும் மதகுச் சாவி கலிபோர்னியாவில் இருக்கிறது.

வேறு நாடுகளில் இந்தச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சிலர் முயன்றிருக்கிறார்கள். ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2004இல் தொடங்கிய குய்ஃபி.நெட், ஊர்க்காரர்களே கூரைக்குக் கூரை ஆண்டெனா வைத்துக் கட்டிய வலை. 2019இல் வந்த ஜெமினி நெறிமுறை, பக்கத்துக்குள் படம், விளம்பரம், வேவு எதையும் பதிக்காமல் முதன்மையாக எழுத்தைச் சுமப்பது. நம் நாட்டிலேயே 2010இல் சத்தீஸ்கரில் சுப்ரான்ஷு சௌத்ரி தொடங்கிய சிஜிநெட் ஸ்வராவுக்கு இணையமே தேவையில்லை. ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைப்பு வரும். தன் ஊர்ச் சேதியைக் குரலில் பதியலாம், மற்றவர் பதிந்ததைக் கேட்கலாம். பதிந்ததை ஒருவர் சரிபார்த்த பிறகே வெளியிடுவார்கள். அந்த 'ஒருவர்' என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

டெல்டாவில் சமுதாய வானொலிகள் உண்டு. வல்லம் பெரியார் மணியம்மை பல்கலைக்கழகத்தில் 90.4இல் ஒன்று; இன்னொன்று நாகை மாவட்டம் விழுந்தமாவடியில் தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் சமூக வானொலி, சுனாமிக்குப் பிறகு வந்தது. தொண்டு நிறுவனங்களும் இத்தகைய நிலையம் நடத்தலாம் என்று 2006இல் விதி மாறியது. ஒலிபரப்பின் வலிமை 100 வாட்டுக்குள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கேட்கும். சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. ஊர் வானொலி ஊர்ச் செய்தி சொல்லக் கூடாது என்ற விதிக்கு எத்தனை முறை விளக்கம் படித்தும் எனக்கு நியாயம் பிடிபடவில்லை.

கஜா வந்த இரவு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புகள் தரையோடு படுத்தன. மின்சாரம் போனதும் கைபேசிக் கோபுரங்களின் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்தது. டீசல் கொண்டுபோகச் சாலை இல்லை. ஜெனரேட்டர் இருக்கும் இடம் தேடிச் சார்ஜ் போட வரிசை நின்றது. சார்ஜ் ஏறியும் சிக்னல் இல்லை. எந்த ஊரில் குடிநீர் இல்லை, எந்த முகாமில் கைக்குழந்தைகள் இருக்கின்றன என்ற இரண்டு வரிச் சேதிக்குக்கூட ஆள் நடந்துபோக வேண்டியிருந்தது. நொடிக்குப் பல மெகாபிட் பாயும் வலை ஒரே இரவில் பூஜ்யத்துக்கு இறங்கியது. இடையில் ஒரு படி இல்லை.

அந்த இடைப்படிக்கு இப்போது மலிவான கருவி இருக்கிறது. லோரா என்ற ரேடியோ முறையில், மெஷ்டாஸ்டிக் என்ற திறந்தமூல மென்பொருள் 2020 முதல் இயங்குகிறது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி, சில ஆயிரம் ரூபாய். நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோபிட்; எழுத்து மட்டும் போகும். ஒரு கருவி அனுப்பியதை இன்னொன்று கேட்டு அடுத்ததற்குத் தள்ளிவிடும். கோபுரம், சிம் கார்டு, மாத ரீசார்ஜ் எதுவும் இல்லை. இந்தியாவில் இது இயங்கும் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று 2005இலேயே அரசு அறிவித்துவிட்டது. சிறிய சூரியத் தகடு போதும். நிலம் தட்டையாக இருந்து, ஆண்டெனா உயரத்தில் இருந்தால் பல கிலோமீட்டர் எட்டும். தட்டை நிலத்துக்குக் காவிரிப் படுகையில் பஞ்சமில்லை. உயரத்துக்குப் பெரிய கோயில் விமானம் இருக்கிறது. அதில் ஆண்டெனா வைக்கத் தொல்லியல் துறையிடம் போய்க் கேட்டுப் பாருங்கள்.

இங்கே தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இத்தகைய கருவியில் ஒரு சேதிக்கு ஏறத்தாழ 200 பைட் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். யூனிகோட் தமிழ் இந்த வழியில் போகும்போது மெய், உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். 'நாளை காலை 6 மணிக்கு வாய்க்காலில் தண்ணீர் வரும்' என்ற வாக்கியம் 124 பைட். ஒரு சேதியில் பாதிக்கு மேல் போயிற்று. சாதாரண எஸ்எம்எஸ்ஸிலும் இதே கதைதான்: ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70 குறிகள். 1990களின் கடைசியில் டயல்-அப் காலத்தில் புலம்பெயர்ந்த தமிழர்கள் சேர்ந்து உருவாக்கிய திஸ்கி குறியேற்றத்தில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரே பைட்தான். அது போய் யூனிகோட் வந்தது சரியே. உலகத்தோடு பேச வேறு வழியில்லை. ஆனால் ஒடுக்கமான பாதையில் அனுப்பும் முன் தமிழைச் சுருக்கி, மறுமுனையில் விரிக்கும் சிறு நிரலை எழுதுவது பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவருக்கு ஒரு பருவத்து வேலை. வல்லத்திலும் திருமலைசமுத்திரத்திலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

நேர்மாறாகவும் கணக்குப் போடலாம். 2 மெகாபைட் இணையப் பக்கம் ஒன்றின் இடத்தில், மேலே சொன்ன தண்ணீர் வாக்கியம் பதினாறாயிரம் முறை போகும். மேட்டூரைத் திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள்; கடைமடைக்கு அதற்கும் மேல். லஸ்கர் எந்த மதகை எப்போது ஏற்றினார் என்பதை ஒவ்வொரு தலைப்பிலிருந்தும் நாளுக்கு இரண்டு வரியாக அனுப்பினாலே வெண்ணாற்றுக் கடைசியில் நாற்றங்காலுக்குக் காத்திருப்பவருக்குப் போதுமான வலை அது. அவருக்குக் காணொளி வேண்டாம்.

சேதி உடனே போய்ச் சேரவும் வேண்டியதில்லை. இருபது ஆண்டுக்கு முன் கர்நாடகத்தின் தொட்டபள்ளாபூரில் டாக்நெட் என்ற சோதனை நடந்தது. கிராமத்துக்குப் போகும் பஸ்ஸில் ஒரு வைஃபை பெட்டி; பஸ் நிற்கும் ஒன்றிரண்டு நிமிடத்தில் கிராமத்துக் கணினியிலிருந்து மனுக்களை ஏற்றிக்கொள்ளும், நகரத்துக்குப் போனதும் இறக்கிவிடும். கும்பகோணம் கோட்டப் பஸ்கள் போகாத டெல்டாக் கிராமம் குறைவு. நகரப் பேருந்து சுமக்கும் மூட்டை முடிச்சில் இதுவும் ஒன்றாகப் போகலாம்.

ஆனால் கருவியை எங்கே வைப்பது, யார் பார்த்துக்கொள்வது? தனியார் வீட்டு மாடி வேண்டாம். அது எந்தத் தெரு என்ற கேள்வி மறுபடி வரும். ஊராட்சி அலுவலகம் மாலையில் பூட்டிக் கிடக்கும். எனக்குத் தோன்றும் இடம் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. உயரமானது, ஊராட்சிக்குச் சொந்தம். குடியிருப்புக்குக் குடியிருப்பு, காலனியிலும் இருக்கிறது. அதைவிட முக்கியம், டேங்க் ஆபரேட்டர் தினமும் காலையில் அங்கே போய் மோட்டார் போடுகிறார். எந்தத் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது ஊரில் முதலில் அவருக்குத்தான் தெரியும். திட்டுவதானாலும் அவரைத்தான் திட்டுகிறார்கள். சேதியை வாங்கி ஒலிபெருக்கியில் வாசிக்கவும், ஊரின் கேள்வியை நாலு வார்த்தையில் தட்டித் திருப்பி அனுப்பவும் அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம்.

அவருக்கு இப்போது கிடைப்பது சொற்பத் தொகுப்பூதியம். அதை உயர்த்தக் கேட்டு மேல்நிலைத் தொட்டி இயக்குநர்கள் ஆர்ப்பாட்டம் நடத்தும் செய்தி மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. டெல்டாவுக்கு ஒரு சிறு வலை கட்ட யாராவது மதிப்பீடு போட்டால், ஆண்டெனாவையும் பேட்டரியையும் இரண்டாம் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். முதல் பக்கத்து முதல் வரியில் அவருடைய சம்பளம் இருக்கட்டும்.